அந்த மூன்று கட்டங்கள்

திருகோணமலையில் ஒரு தொண்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யுத்தத்தால் வீடிழந்து தனியே அலைகிற இளம் பிள்ளைகளைப் பற்றி விபரம் திரட்டச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் பெயர், சொந்த ஊர், படுக்கும் இடம் என்ற மூன்று கட்டங்களையும் கட்டாயம் நிரப்ப வேண்டும்.

மூதூர் லோஞ்சுப் படகு வந்து நிற்கும் இறங்குதுறையில் ஈச்சிலம்பற்று ஊர்ப் பிள்ளை ஒருத்தியைச் சந்தித்தேன். பதினேழு வயது.

“பேர் எழுதாதேங்கோ அக்கா.”

“ஒண்டும் நடக்காது. எழுதினால்தான் உதவி வரும்” என்று சொல்லி எழுதினேன். அன்று பதினொரு பேரை எழுதினேன்.

திரும்பும் வழியில், சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் என் பையிலிருந்து படிவங்களை எடுத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஊர்ப் பிள்ளை எங்கே படுக்கிறது என்று, சுற்றிவளைக்க வருகிறவர்களுக்கு வேண்டியதை நானே எழுதி வைத்திருக்கிறேன்! நல்லகாலம், அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் சாப்பிடப் போயிருந்தான். புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் குசினி அடுப்பில் போட்டேன்.

“பேரில்லாமல் அனுப்ப ஏலாது” என்றார் மறுநாள் அலுவலகத்தில் மேலதிகாரி.

“பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போனால் ஆர் பதில் சொல்லுறது?”

“படிவம் அப்பிடித்தானே வந்திருக்கு.”

எரிச்சலோடு வெற்றுப் படிவங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது பேனையை எடுக்காமல்தான் அவர்களோடு கதைக்கிறேன். வயதையும் தேவையையும் மட்டும் பிறகு எழுதுகிறேன். அந்த மூன்று கட்டங்களும் வெறுமையாகவே போகின்றன. நிரப்பச் சொல்லிக் கொழும்பிலிருந்து படிவங்கள் திரும்பி வருகின்றன. அப்படியே திரும்பவும் அனுப்புகிறேன்.