சார்ஜிங் பாயிண்ட் கேட்டவளுக்குப் பொன்னாடை

சகுந்தலா கேட்டது ஒரே ஒரு சார்ஜிங் பாயிண்ட். மல்காஜ்கிரியில் நாற்பது வீடுகள் உள்ள அப்பார்ட்மெண்ட்டின் பார்க்கிங்கில், தூண் ஓரமாக ஒரு பெட்டி, அதற்குத் தனி மீட்டர். இதற்கா ஆறு மாசம் அலைய வேண்டும்? அலைந்தாள், பாவம்.

எல்லாம் ஒன்பது வயது மகள் தாரிணிக்காக. அவள் போகும் ஸ்கூல் வேன் ஒரு கிழட்டு டீசல் வண்டி. விடுகிற புகையில் பாதி உள்ளேதான் சுற்றும். குழந்தைக்கு வீசிங் வந்து, பையில் டிபன் பாக்ஸோடு இன்ஹேலரும் போக ஆரம்பித்தது. அந்தப் பக்கம் ஓடுகிற மற்ற வேன்களும் அதே லட்சணம்தான்.

வேன்காரர் தமிழ்ச்செல்வன் நல்ல மனுஷர். "ராத்திரி உங்க பார்க்கிங்லதான நிறுத்துறேன்? சார்ஜ் போட வழி பண்ணிக் குடுங்கக்கா. ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள எலெக்ட்ரிக் வேனே எடுத்துடுறேன். இந்த வண்டி இனி தாங்காது" என்றார்.

சகுந்தலாவுக்கு டிபென்ஸ் லேபில் எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் வேலை. எந்த ஒயர், எந்த பிரேக்கர் என்று படமே போட்டு அசோசியேஷன் பிரசிடென்ட் வெங்கட்ரமணனிடம் கொடுத்தாள். ரயில்வேயில் ரிட்டையரான அவர், அன்றிலிருந்து தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கூட்டர் எரியும் வீடியோ போடத் தொடங்கினார்.

"சார், ஜெனரேட்டருக்குன்னு மாடிப்படிக்குக் கீழ ரெண்டு டிரம் டீசல் வெச்சிருக்கோமே, அது எரியாதா?"

"அது இருபது வருஷமா இருக்கும்மா. பழகிடுத்து."

இந்தப் பதிலுக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? மீட்டிங்கில் பேசினால் எல்லோரும் "ஹவ், ஹவ், கரெக்ட்" என்று ஊர் இந்தியில் ஆமாம் போட்டுத் தலையாட்டுவார்கள். கை தூக்கச் சொன்னால் ஒருத்தருக்கும் கை இருக்காது. "கைக்கு டென்ஷன் மேடம், ஏன் இவ்ளோ டென்ஷன்? அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்" என்பார்கள். அடுத்த மீட்டிங்கிலும் பஜ்ஜி சாப்பிடுவதுதான் நடந்தது.

ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினம். அசோசியேஷன் விழா வைத்து அவளை மேடைக்குக் கூப்பிட்டது. வெங்கட்ரமணன் பச்சைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, "நம்ம காலனியின் பசுமைப் போராளி!" என்றார். கைதட்டல் அதிர்ந்தது. சகுந்தலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை வாங்கி, "எனக்கு இது வேண்டாம். அந்த சார்ஜிங் பாயிண்ட்டை..." என்று ஆரம்பித்தபோது கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் உறுமியது. கரும்புகை பந்தலுக்குள் புகுந்து, முன்வரிசையில் இருந்த தாரிணி இரும ஆரம்பித்தாள். மைக்குக்கு உயிர் வந்துவிட்டதே என்று கூட்டம் மறுபடி கைதட்டியது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! சகுந்தலா மைக்கை அப்படியே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

இரண்டு நாள் கழித்துத் தமிழ்ச்செல்வன் போன் செய்தார். "மன்னிச்சுக்கங்கக்கா. ஸ்கூல் தொறக்கப் போறாங்க. எத்தனை நாள்தான் காத்திருப்பேன்? செகண்ட்ஸ்ல ஒரு டீசல் வண்டி எடுத்துட்டேன். இனி அஞ்சு வருஷத்துக்கு இதான்." அவர்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. அதுவும் ஒரு கோபமாக நெஞ்சில் நின்றது.

பள்ளி திறந்த அன்று வண்டி வந்தது. முன்னதைவிட அதிகம் புகைந்தது. மீதியிருந்த ஒரே இடம் கடைசி சீட்டுதான். அங்கே ஜன்னல் கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு மூடவே இல்லை.

"அடைக்க ஏதாச்சும் துணி இருக்காக்கா?" என்றார் தமிழ்ச்செல்வன்.

சகுந்தலா மேலே போய்ப் பொன்னாடையை எடுத்து வந்தாள். நன்றாகச் சுருட்டி, அந்த இடுக்கில் திணித்தாள்.

"மம்மி, இது உங்க பிரைஸ்! நக்கோ, வேணாம்!" என்றாள் தாரிணி.

"இருக்கட்டும்டி. இன்ஹேலர் எடுத்தியா?" என்றாள் சகுந்தலா.