தேறக் கூடாத கைகள்

ஓவேலிப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் ராஜகுமாரி பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அவள் கையில்தான் வந்தது. விரல்களில் தொடங்கிய வெண்திட்டு முழங்கைவரை ஏறியதும், சூப்பர்வைசர் ராஜசேகர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“தூள் வாங்க வர்றவங்க நின்னு பாக்கறாங்க ராஜகுமாரி. உன் கையப் பாத்தா வாங்குவாங்களா?”

“ஒட்டுற வியாதி இல்லைங்க சார். டாக்டரே சொல்லிட்டாருங்க.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே.”

தெரிந்தவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தற்காலிகக் கூலி என்பதால் கேட்க நாதியும் இல்லாமல் வேலை போனது.

கொழுந்து பறிக்கப் போனாள். அங்கே குடிதண்ணீர்க் குடத்தை அவள் தொட்டதும் மற்றப் பெண்கள் முகம் சுளித்தார்கள். மறுநாள் ஆள் போதும் என்றான் மேஸ்திரி. புருஷன் இல்லாத வீடு. பிளஸ் டூ படிக்கும் மகள் ரேகா மதியச் சோற்றைப் பாதி வைத்துவிட்டு, பசியில்லை என்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள். அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடிருப்பது ராஜகுமாரிக்குப் பெரும்பாடாக இருந்தது.

அப்போதுதான் கூடலூரிலிருந்து ஒரு டிரஸ்டைச் சேர்ந்தவர்கள் அரிசி கொண்டு வந்தார்கள். ராஜகுமாரி முழுக்கைச் சட்டையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பையை வாங்கினாள். அவர்களில் போட்டோ எடுத்த பிரைட்டன் நல்ல பையன்தான்.

“அக்கா, கைய மறைக்காதீங்க. பாத்தாத்தானே பணம் குடுக்கிறவங்களுக்கு மனசு இறங்கும்?”

எந்தக் கைக்காக வேலை போனதோ, அந்தக் கைக்கே அரிசி கிடைத்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மாதம் தவறாமல் சட்டையை மடித்துவிட்டு நின்றாள்.

ஒவ்வொரு மாலையும் ரேகா அம்மாவின் கையில் ஆஸ்பத்திரிக் களிம்பைத் தடவிவிடுவாள். ஒருநாள் வெண்மைக்குள் கடுகு தெளித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. “நிறம் திரும்புதும்மா, விடாம போடுங்க” என்று டாக்டர் சிரித்தார். ராஜகுமாரி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஃபேக்டரிக்கு ஓடினாள்.

ராஜசேகர் கையைத் திருப்பிப் பார்த்தார். “நல்ல விஷயந்தான். ஆனா உன் இடத்துல வேற ஆள் போட்டாச்சே. இனி எடம் இல்ல.”

அந்த ஞாயிறு பிரைட்டனும் அதே கையைப் பார்த்தான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். “அட, தேறிட்டு வருதே அக்கா! இன்னும் கொஞ்சம் நல்லாயிட்டா நீங்களே வேலைக்குப் போயிரலாம். இந்த அரிசிய வேற கஷ்டப்படறவங்களுக்குக் குடுத்திரலாம்.”

ராஜகுமாரி தலையாட்டினாள். பை கனத்தது. வீடுவரை அழுதுகொண்டே வந்தாள். ஆண்டவன் கண் திறக்க இதுவா நேரம் என்று நொந்துகொண்டாள்.

விளக்குப் போட்டதும் ரேகா களிம்போடு வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, கையக் குடு.”

“வேண்டாம் கண்ணு. ரொம்ப எரியுது.”

“டாக்டர் விடாம போடச் சொன்னாரே?”

“எரியுதுன்னு சொல்றேன்ல!”

ரேகா மிரண்டுபோய்க் களிம்பை மூடினாள். ராஜகுமாரி அதை வாங்கி அரிசிப் பைக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு மகளுக்குத் தட்டு நிறையச் சோறு போட்டு, கடைசிப் பருக்கைவரை சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.