திருநீறு வைத்த மீன்

கல்யாணமாகி வண்ணார்பேட்டைக்கு வந்த புதிதில் எனக்கிருந்த ஒரே குறை, அங்கே கடல் இல்லை என்பதுதான். நான் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். நிற்காவிட்டாலும் காற்றில் உப்பு தெரியும். வண்ணார்பேட்டையில் எல்லோரும் ஆற்றைப் பற்றியே பேசினார்கள். தாமிரபரணித் தண்ணீரில் சோறு பொங்கினால் தனி ருசி, குளித்தால் தனி சுகம் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ஆற்றின் மேலேயே கோபம் வந்தது. ஆறு என்ன செய்யும், பாவம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், இவர், அத்தை. இவருக்குத் தாலுகா ஆபீஸில் கிளார்க் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பார். இவருடைய அம்மாவான அத்தை, மகனுக்கும் சேர்த்துப் பேசுவாள். சுத்த சைவம். யார் வீட்டு விசேஷத்திலிருந்தாவது கேக் வந்து, அதில் முட்டை இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டால், கேக்கோடு போகாது, அது இருந்த தட்டும் புளி போட்டுத் தேய்க்கப்படும். நானும் சைவ வீட்டுப் பெண்தான். மீனைத் தின்றதில்லை, ஆனால் கரையில் நின்று நாளெல்லாம் அலுக்காமல் பார்ப்பேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபோதுதான் அந்த ஆசை வந்தது. இதில் கொஞ்சம் கடலைக் கொண்டுவந்து வைத்தால் என்ன? இவரிடம் கேட்டேன். "அம்மாட்ட கேளு" என்றார். அத்தையிடம் போனேன்.

"வளக்கதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த வீட்டுல எது வாய வச்சாலும் சைவத்துலதான் வைக்கணும். கவுச்சி இந்த வாசல் தாண்டிச்சுன்னா, அன்னைக்கே தொட்டியத் தூக்கி உன் தம்பிட்ட குடுத்து அனுப்பிருவேன். சம்மதமாட்டி?"

"சம்மதம் அத்தை" என்றேன். கடலில் முக்கால்வாசி ஒன்றையொன்று தின்றுதான் பிழைக்கிறது என்ற விவரத்தை அந்த நேரத்தில் எடுத்து விடவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் தூத்துக்குடியிலிருந்து பிளாஸ்டிக் கேன்களில் கடல்தண்ணீர் கொண்டுவந்தான். குடிதண்ணீருக்கு எங்கள் ஊர் இந்த ஆற்றைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். "ஊரே இங்கருந்து தண்ணி கொண்டு போவுது, நீரு அங்கருந்து கொண்டுவாரீரு. நல்லாத்தான் இருக்கு வே" என்று கண்டக்டர் அவனைக் கிண்டல் செய்தாராம். மணலும், கரையோரப் பாறைத் திட்டில் உருண்டு கிடந்த ஒரு கல்லும் வந்தன. கல்லில் பச்சைப் பாசி. ஒரு பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் பூ போன்ற உயிர்கள் ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டால் விரிந்தன. தண்ணீர் பக்குவப்படும்வரை வேறெதையும் விடக்கூடாது என்று நான் காத்திருந்தேன். அத்தை காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லையாட்டி வளக்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

சின்னத் தொட்டியில் எதை விடலாம் என்பதைவிட எதை விடக்கூடாது என்பதுதான் பெரிய படிப்பு. பெரிதாக வளர்வது ஆகாது. சண்டை போடுவது ஆகாது, அடிவாங்குகிற மீன் ஒதுங்கி நிற்க மூலை கிடையாது. நிறையத் தின்று நிறையக் கழிப்பது ஆகவே ஆகாது. கூட்டுக் குடித்தனம் மாதிரிதான். இத்தனைக்கும் மேலே எங்கள் வீட்டில் சைவமாகவும் இருக்க வேண்டும். தம்பி வாளியில் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவான். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு குடைந்து விசாரித்திருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தது ஒரு நட்சத்திர மீன். அத்தைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அது சிப்பியைக் கட்டிப்பிடித்துத் திறந்து உள்ளே இருப்பதைத் தின்னும் என்றேன். "பாக்க சாது மாதிரி இருந்துக்கிட்டு செய்யுதது இந்த வேலையா?" என்று அதைக் கையோடு அனுப்பிவிட்டாள். அடுத்தது ஒரா மீன் குஞ்சு. அது பாசியைத் தவிர எதையும் தொடாது. அத்தை தலையாட்டினாள், நான் மாட்டேன் என்றேன். வளர்ந்தால் முழங்கை நீளம் வரும், முள் பட்டால் கை வீங்கிவிடும். "சைவந்தான் வேணும்னேன், சைவம் வந்திருக்கு. இப்ப உயரம் சரியில்லங்கியே" என்று அத்தை அலுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அத்தையே தம்பியிடம், "எய்யா, ஒரு சங்கு கொண்டாங்களேன். வீட்டுக்கும் நல்லது" என்று சொல்லி அனுப்பினாள். உயிரோடு ஒரு சங்கு வந்தது. நான் பட்டென்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாம். "அத்தை, இது புழுவைத் தின்னும்" என்றேன். அத்தைக்கு வந்ததே கோபம், சங்கின் மேல் அல்ல, என் மேல். "சாமிக்கு ஊதுத சங்கப் போயி புழு திங்குங்கியே, நாக்கு கூசலையா உனக்கு?" அந்த வாரம் முழுக்க என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நானும் சுவருக்கே பதில் சொன்னேன். சங்கு ஊர் திரும்பியது.

சமாதானமானது சோழியால். அத்தை சின்ன வயதிலிருந்து சோழி உருட்டித் தாயம் ஆடியவள், ஆனால் அதற்குள் ஓர் உயிர் இருந்திருக்கும் என்று நினைத்ததே இல்லை. தொட்டியில் விட்ட கொஞ்ச நேரத்தில் ஓட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய சதை வெளியே வந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்துவதுபோல ஓடு முழுவதையும் மூடியது. பிறகு கண்ணாடியில் படிந்த பாசியை மேய ஆரம்பித்தது. "இதையா இத்தன வருசமா தரையில போட்டு உருட்டுனேன்" என்றாள் அத்தை. அன்று முழுக்க அதே பேச்சாக இருந்தாள்.

கடைசியாக அந்த மீன் வந்தது. கட்டைவிரல் நக அளவு, கன்னங்கரேல் என்ற உடம்பு, பக்கத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. வாளியைப் பார்த்த அத்தை எழுந்தே விட்டாள்.

"ஏட்டி, நெத்தியப் பாரு. திருநீறு!"

அதற்குமேல் விசாரணை இல்லை. நான் விலங்கியல் பட்டம் வாங்கியவள். தவளை அறுத்துத்தான் வாங்கினேன் என்பதை அத்தைக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. படித்த நானாவது யோசித்திருக்கலாம். ஆனால் தொட்டியில் விட்டதும் அது நேரே கல்லுக்குப் போய்ப் பாசியைக் கொத்தியது. பாசிதான் தின்கிறது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது அது. தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். "எங்க வீட்டு மீனு சைவம்" என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மீனின் வயிறு ஒட்டத் தொடங்கியது. தலை பெரிதாகவும் உடம்பு காகிதமாகவும் தெரிந்தது. அத்தை அரைக்கீரையை வேகவைத்துக் கிள்ளிப் போட்டாள். வாயில் வாங்கித் துப்பியது. இட்லியை உதிர்த்துப் போட்டாள், தண்ணீர்தான் கலங்கியது. நான் தொட்டியருகே உட்கார்ந்து வெகுநேரம் கவனித்தேன். அது பாசியைத் தின்னவே இல்லை. பாசிக்குள் தூசியளவில் ஓடிக்கொண்டிருந்த பூச்சிகளைத்தான் இத்தனை நாளும் பொறுக்கியிருக்கிறது. இத்தனூண்டு கல்லில் அவை எத்தனை நாளைக்கு வரும்? எல்லாம் தீர்ந்துவிட்டன.

கொடுத்த வாக்கு நினைவிருந்தது. அடுப்படியில் நின்றிருந்த அத்தையிடம் போய், "அத்தை, அது சைவம் இல்ல. தம்பி வந்ததும் குடுத்து அனுப்பிருதேன். தொட்டியையும்தான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அந்த ஒன்றரை அடி கண்ணாடியைத் தவிர அந்த ஊரில் என்னுடையது என்று எனக்கு வேறெதுவும் இருக்கவில்லை.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மீனைப் பார்த்தாள்.

"அங்கன போனா பிழைச்சுக்கிடுமா?"

"பஸ்ல போய்ச் சேருத வரைக்கும் தாங்காது அத்தை."

"என்னதான் திங்கும் அது?"

"கூனி" என்றேன். காயவைத்த பொடி இறாலைத்தான் அப்படிச் சொல்வோம்.

அத்தை எழுந்து, ஆபீஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டாள். "எய்யா, சாயங்காலம் வரும்போது கொஞ்சம் கூனி வாங்கிட்டு வா."

இவர் வாய் தானாகத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். "எம்மா?"

"காது கேக்கலையா? கூனி."

பாளையங்கோட்டை மார்க்கெட்டில், தெரிந்தவர்கள் இல்லாத நேரம் பார்த்து வாங்கி, நாலு மடிப்புப் பேப்பரில் சுற்றி, திருட்டுச் சாமான் மாதிரி பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். அத்தை அதை ஒரு மூடி போட்ட பாட்டிலில் அடைத்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் நான் எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தொடாத. நீ அடுப்படிக்குப் போறவ. நான் குளிக்கதுக்கு முன்னால போட்டுட்டுக் குளிச்சிருதேன்."

பிறந்ததிலிருந்து கவுச்சியை விரலால் தொடாதவள் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நுணுக்கித் தண்ணீரில் தூவினாள். மீன் முதலில் பின்வாங்கியது. பிறகு ஒரு துணுக்கை விழுங்கியது. அப்புறம் பறந்து பறந்து தின்றது.

"பைய தின்னு, பைய. யாரு புடுங்கப் போறா" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பாமலே, "ஊரு விட்டு ஊரு வந்ததே பெரிசு. திங்கதையும் மாத்திக்கன்னு சொல்லவா முடியும்" என்றாள். அதை மீனுக்கு மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கூனி தொட்ட கையோடு குளிக்காமல் நின்றதால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. முதலில் மீனுக்குக் கூனி, அப்புறம் அத்தைக்குக் குளியல், அதன் பிறகுதான் சாமி விளக்கு. ஒரு கார்த்திகை விரத நாளன்று, இன்றைக்குக் கட்டாயம் பாட்டிலைத் தொடமாட்டாள், மீனும் பட்டினிதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அத்தை எனக்கு முன்பே தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள், கையில் பாட்டிலோடு.

"அத்தை, இன்னைக்குக் கார்த்திகைல்லா?" என்றேன்.

"விரதம் எனக்குத்தான்ட்டி" என்று மூடியைத் திருகினாள். "அது என்ன பாவம் பண்ணிச்சு?"