பச்சையைப் பார்க்கும்வரை

நடந்தவை, வரிசையாக:

1. விளக்கு வைத்த பிறகு, பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கிளம்பினோம். உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண், அவள் மாமியார், மருத்துவச்சியாக நான். குழந்தையின் கை முதலில் வந்திருந்தது. டாக்டர்தான் திருப்ப வேண்டும்.

2. வழியில் மேற்கிலிருந்து ஒரு நெருப்புப் பந்து எழுந்து தலைக்கு மேலே போனது. நிலவில்லாத வானம் வெளுத்தது. பனைகளின் நிழல் சாலையில் விழுந்து, நாங்கள் பார்க்கப் பார்க்கச் சுற்றியது.

3. அது மறைந்து சற்று நேரம் கழித்து, பாறைக்கு வெடி வைத்தது போல ஒரு சத்தம். மாடுகள் நின்றுவிட்டன.

4. வண்டி ஓட்டிய அந்தப் பெண்ணின் கணவர் லாந்தரை அணைத்துவிட்டார்.

யுத்தத்துக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள் சொன்ன குண்டுக் கதைகள் அவர் மனதில் இருந்தன. "ஏரோப்ளேனுங்க நர்சம்மா. வெளிச்சங் கண்டா அடுத்தது நம்ம மேலதான்." அது வானத்துக் கல், எரிந்து முடிந்துவிட்டது என்றேன். அவர் காதில் விழவில்லை.

இருட்டில் அந்தப் பெண்ணின் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. கைநீட்டிப் பார்த்தேன். மாமியார் அவள் வாயைப் பொத்தியிருந்தார். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தவர்கள் பச்சையாக எதையாவது பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

வாயைத் திறந்து சிறுசிறு மூச்சாக ஊதச் சொல்லி வைத்திருந்தேன். வாய் மூடினால் முக்குவாள். முக்கினால் கர்ப்பப்பை கிழிந்துவிடும். அதைத்தான் மாமியாரிடம் சொன்னேன். வழக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. உங்களிடம் வெற்றிலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஒரு கையால் இடுப்புப் பையைத் துழாவினார். மகனிடம், "நெருப்புக் குச்சியக் கொண்டா சாமி. குண்டு உளுந்தா எல்லாருஞ் சேந்து போறோம். இவளத் தனியா அனுப்பச் சொல்றியா?" என்றார்.

லாந்தர் எரிந்தது. வாடிய வெற்றிலைதான், ஆனாலும் பச்சை. அவள் கண் அதன்மேல் நின்றதும் மாமியார் கையை எடுத்தார். அவள் அலறினாள். "ஊது கண்ணு, ஊது" என்று நானும் கூடவே ஊதினேன்.

கணவர் இறங்கி, லாந்தரைத் துண்டால் மறைத்துப் பிடித்தபடி, மூக்கணாங்கயிற்றைப் பற்றி மாடுகளை நடத்தினார்.

அவள் பிழைத்துக்கொண்டாள், கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தை தங்கவில்லை. மாமியார் அந்த நெருப்பைக் காரணம் சொல்கிறார். வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியதுதான் காரணம் என்கிறேன் நான். இப்போது மறுபடியும் அவளுக்கு ஏழாம் மாதம். குழந்தை குறுக்கே இருக்கிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை மாமியாரே அவளை என்னிடம் அழைத்து வருகிறார்.