துணி மடிக்கும் பக்கம்

நாங்கள் அப்போது பிரெஞ்சு பேசும் ஒரு குளிர்நாட்டு நகரத்தில், வில்லரே என்னும் பகுதியில், வெளியே இரும்புப் படி வைத்த ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மாவும் சின்னம்மாவும் அஹுன்ட்சிக் பக்கம் இருந்த ஒரு சலவைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் அங்கேதான் வரும். கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண்ணுக்கும் அங்கேதான் வேலை. நான் அவரை மதாம் என்பேன். மூவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

தொழிற்சாலைக்கு இரண்டு பக்கங்கள். இரத்தமும் மலமும் படிந்த துணிகளைப் பிரித்துக் கொதிநீர் இயந்திரங்களில் போடுவது ஒரு பக்கம். காய்ந்து வந்ததை மடிப்பது மறுபக்கம். அங்கே ஜன்னல் உண்டு, வானொலி பாடும். எங்கள் ஆட்களும் ஹெயிட்டிக்காரரும் கொதிநீர்ப் பக்கம். மடிக்கும் பக்கம் முழுக்க வெள்ளைக்காரப் பெண்கள். அங்கே ஓர் இடம் காலியானால் அம்மா போய்க் கேட்பார். அடுத்த கிழமை புதிதாக ஒரு வெள்ளைப் பெண் அந்த இடத்தில் நிற்பாள். "நீங்கள் சூட்டு நாட்டிலிருந்து வந்தவர்கள், உங்களுக்கு இது பழக்கம்தானே" என்று மேற்பார்வையாளர் சிரிப்பாராம். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கொதிநீர் இயந்திரத்துக்குள் குடியிருந்ததில்லை என்று பதில் சொல்லும் அளவுக்கு அம்மாவிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

ஒரு கோடையில், மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு மாமி அந்த வெக்கையில் மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் வேலைக்கு வந்தவரை, இனி வரவேண்டாம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அதைக் கண்ட கொதிநீர்ப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். மடிக்கும் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லாததால் அம்மா அந்த வாசல் மறியலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அது திருவிழா. மதாம் வாழைக்காய் பொரித்துக் கொண்டுவருவார். பெண்கள் பிரெஞ்சில் கோஷம் போட, அவர்களுடைய உச்சரிப்பைத் திருத்தும் வாத்தியார் வேலை எனக்கு.

ஒருநாள் தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் காரில் வந்தார். தங்களைக் கேட்காமல் வெளியே வந்தது பிழை, முதலில் உள்ளே போங்கள், பிறகு பேசலாம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கேள் பிள்ளை. சம்பளத்தில சந்தா வெட்டேக்கை நாங்களும் சங்கத்து ஆக்கள்தானே. அந்த மனுசி விழேக்கை இவை எங்கை போனவையெண்டு கேள்."

கேட்டேன். அவர் குனிந்து என் கன்னத்தைத் தட்டி, என் பிரெஞ்சு மிகவும் அழகாயிருக்கிறது என்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அதையும் நான் அம்மாவுக்குப் பெருமையோடு மொழிபெயர்த்தேன்.

மரங்களில் இலை பழுக்கத் தொடங்கியபோது வாசலில் ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள். ஒரு சனிக்கிழமைக் காலை சின்னம்மா சமையலறைக்குள் வந்து நின்றார்.

"அக்கா, நான் உள்ள போறன்."

அம்மா பாண் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை இல்லையெண்டா இவரை இங்கை கூப்பிடச் செய்த ஸ்பொன்சர் நிண்டுபோகும் அக்கா. எத்தினை நாளைக்கு அந்தாள் கொழும்பு லொட்ஜுக்குள்ள பொலிசுக்குப் பயந்துகொண்டு கிடக்கிறது?"

அம்மா பாணுக்குப் பட்டர் பூசி, பொதியாகச் சுற்றி, சின்னம்மாவின் கையில் வைத்தார். "சாப்பிடாமல் நிக்காதை" என்றார். பிறகு தன் கோட்டை மாட்டிக்கொண்டு, தொழிற்சாலை வாசலில் கோஷம் போடப் புறப்பட்டார்.

வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு நிர்வாகத்தின் வான் வண்டி வந்தது. "துரோகிகள்" என்று பெண்கள் கத்தினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அம்மாவும் கத்தினார். எல்லோரையும்விட உரத்துக் கத்தினார். அன்று பின்னேரம் இருவரும் ஒரே பானையிலிருந்து சோறு போட்டுச் சாப்பிட்டார்கள்.

பனி விழுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சிலரைத் திருப்பி எடுத்தார்கள். முன்னுக்கு நின்றவர்களை எடுக்கவில்லை. அம்மாவும் மதாமும் முன்னுக்கு நின்றவர்கள். மட்டக்களப்பு மாமியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவேயில்லை. அம்மா வேறு தொழிற்சாலைகளுக்கு ஏறி இறங்கினார். அவர் போகுமுன்னே அவரைப் பற்றிய கதை அங்கே போயிருந்தது.

ஒரு பின்னேரம் சின்னம்மா வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே நின்றார்.

"அக்கா, என்னை மடிக்கிற பக்கம் மாத்திப்போட்டாங்கள்."

தாங்கள் நிறம் பார்ப்பதில்லை என்று காட்ட நிர்வாகத்துக்குக் கறுத்த முகம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. சின்னம்மா அழுதார். அம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"நல்லதுதானே. ஏன் அழுகிறாய்?"

"அப்ப நாங்கள் வெண்டிட்டமா அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா, என்னைப் பாராமல்.

நான் படிகளில் குதித்து இறங்கி மதாமின் கதவைத் தட்டினேன். நாங்கள் வென்றுவிட்டோம், சின்னம்மாவுக்கு மடிக்கும் பக்கம் கிடைத்துவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கதவின் விளிம்பைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். என் தலையை ஒருமுறை தடவினார். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்தவளுக்குத் தின்ன ஏதாவது எடுக்கத்தான் உள்ளே போயிருக்கிறார் என்று நினைத்து, நான் அந்தக் குளிரில் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.