பைரவிக்குப் பின் ஐந்து நொடி

நிங்கவ்வா தளவாருக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். ஹூப்ளி பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் ஆறு வருடம் உட்கார்ந்ததில் வந்த பழக்கம். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் வந்து கேட்டால் தப்பு அறிவிப்புப் பலகையில்தான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். அதை மேலதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லியே வேலையை விட்டாள். இப்போது இணையதளங்களைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதுகிறாள். அவள் கையெழுத்திட்டால்தான் தளம் வெளியே போகும். அவளுடைய ஒப்பந்தமோ இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது மேலாளர் சுஹாஸ் கையில்.

இன்று வந்தது, புதுப் பாட்டுகளைத் தேடித்தரும் தளம். அதை வடிவமைத்தவனும் சுஹாஸ்தான். எதிரே ஈரப்பா. ஊரில் எந்தக் கச்சேரிக்கும் மைக் கட்டுகிறவர்.

"இதுவரை நீங்க கேக்காத ஒரு பாட்டுக்காரரைக் கண்டுபிடிங்க அண்ணா."

"பரீட்சையா யவ்வா? நான் ஏழாங்கிளாஸ்லயே ஓடிவந்தவன்."

"பரீட்சை உங்களுக்கில்ல, இதுக்கு."

நாற்பது நொடியில் கண்டுபிடித்தார். யாரோ ஓர் இளம்பெண் பாடிய பைரவி; அந்தப் பக்கத்துக் கச்சேரிகளில் கடைசியாகப் பாடும் ராகம். ஈரப்பா கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு நிமிடம் அசையவில்லை. பாட்டு அடங்கியது. கைகூப்பப் போனார். திரையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண் ஓடி, டமாரென்று ஒரு குத்தாட்டப் பாட்டு வெடித்தது.

"ஏய்! நிறுத்து! நிறுத்துடா இதை!" திரையைத் தட்டத் தட்ட சத்தம்தான் கூடியது. "பைரவிக்கு அப்புறம் எவனாவது பாடுவானா? கச்சேரி அதோட முடிஞ்சுது. நான் மைக்கை அணைச்சிருவேன். அதுக்கு மேல பாடுனா, பாடுன புள்ள மூஞ்சில துப்புற மாதிரி!"

அவருக்காக வாங்கி வைத்த கிர்மிட் பொரித் தட்டைத் தொடாமலே வெளியேறினார்.

பக்கத்து அறையிலிருந்து சுஹாஸ் சிரித்தபடி வந்தான். "நாப்பது செகண்ட்! 'வெற்றி'ன்னு போட்டுரு நிங்கி. திங்கக்கிழமை திறக்குறோம்."

"நிங்கவ்வா. பேரை முழுசா சொல்லு. அவரு எந்திரிச்சுப் போனதைப் பாத்தியா இல்லையா?"

"வயசானவரு, பழக்கமில்ல. ஆளுங்க விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும்னுதான் அப்படி வெச்சேன்."

"சரி, நீயே நிறுத்து பாப்போம்."

சுஹாஸ் உட்கார்ந்தான். திரை மூலையிலிருந்த மூன்று கோடு போட்ட குறியைத் தொட்டான்; அதற்குள் ஒரு பட்டியல், அதற்குள் இன்னொன்று, சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் எழுத்து. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. அதுவும் முடிந்தது.

"போன வாரம் இங்கதான் இருந்துச்சு..."

"மைக் கட்டுற மனுசனுக்குப் பழக்கமில்ல. உனக்கு என்ன கேடு?" அவள் குரல் காதில் விழுவதே கஷ்டமாக இருந்தது.

"இதைப் போய் பெரிசு பண்றியே. ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. படிவத்தை இழுத்து 'தோல்வி' என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ஈரப்பா சொன்னதை, துப்புவது உட்பட, அப்படியே எழுதினாள். அதன் கீழே: 'வடிவமைத்தவராலும் நிறுத்த முடியவில்லை.'

சுஹாஸ் எட்டிப் பார்த்தான். முகம் வெளிறியது.

"நிங்கவ்வா... அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துருங்களேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். திரையில் நான்காவது பாட்டு தொடங்கியது.