மீன் கூடை சுமந்தவரின் பெயர்

பிள்ளைகளே, அக்காவுக்கு இது தெரியும். சின்னவர்கள் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன்.

உங்கள் குடும்பப் பெயர் உண்மையில் அப்பப்பாவின் சொந்தப் பெயர். ஊரில் அதை முன்னெழுத்தாக மட்டும் போடுவோம். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்ததும் என் பெர்மெசோவில், அதுதான் இங்கே தங்கும் அனுமதி அட்டையில், அதைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். அதனால் வேலையிடத்தில் என்னையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் திரும்பிப் பார்க்கவே மறந்துபோவேன்.

கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் நான் துப்புரவு செய்யும் வீடுகளில் ஒன்று டென்மார்க்காரப் பெண்மணி ஒருவருடையது. சின்யோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கும் வேலை. பத்து வயது அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வாசல் கதவில் 'யென்சென்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு அக்கா அர்த்தம் கேட்டாள்.

"யென்ஸின் மகன்," என்று சின்யோரா சிரித்தார். "எழுபது வயதுக் கிழவி நான், ஆனாலும் மகன்தான்!"

யென்ஸ் என்பது இத்தாலியர் சொல்லும் ஜொவான்னிதானாம். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் புனித அருளப்பர் என்கிறோமே, அவர். முன்பு அவர்கள் நாட்டிலும் தகப்பன் பெயரைத்தான் பிள்ளைக்குச் சேர்ப்பார்களாம், தலைமுறைக்குத் தலைமுறை மாறுமாம். பிறகு மாற்றக்கூடாது என்று சட்டம் வந்ததாம். அன்றைக்கு இருந்த யென்ஸ் அப்படியே தங்கிவிட்டார்.

"எங்கள் யென்ஸ் என்ன வேலை செய்தாரோ, ஒருவருக்கும் தெரியாது. உங்கள் பெயருக்குரியவர் யார்?" என்று சின்யோரா என்னைக் கேட்டார்.

அக்கா பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கையில் கழிப்பறை கழுவும் பிரஷ்.

"என் அப்பா. வாத்தியார்," என்றேன்.

சின்யோரா மரியாதையாகத் தலையசைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அப்பப்பா மீன் சந்தையில் கூடை சுமந்தவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினாள். அப்பப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாராம். அதைத் திங்கட்கிழமை வகுப்பில் வாசிக்க வேண்டும். அது பொய் என்று சொல்லாமலே எங்கள் வீடிருக்கும் சீசாப் பகுதியில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மனம் நிற்கவில்லை. திங்கள் காலை, பள்ளிக்கூட வாசலில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"வெக்கமா இருந்தது, பிள்ளை."

"அப்பப்பாவை நினைச்சோ?"

"ஓம்."

"வகுப்பில மாயெஸ்த்ரா டீச்சர் முதல்ல என்னைத்தான் கூப்பிடுவா. இப்ப வந்து சொல்லுறியள்!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மணி அடித்தது. கொப்பியை மதிலில் வைத்து அந்த வரிகளைப் பேனாவால் வெட்டினாள். "கெதியா சொல்லுங்கோ. என்ன மீன்?"

"சூரை, பாரை... வாறதெல்லாம் சுமப்பார்."

எழுதிக்கொண்டே உள்ளே ஓடினாள். பின்னேரம் வந்து, வாசித்ததாக மட்டும் சொன்னாள்.

அவள் வகுப்புக்கே சொல்லிவிட்டாள். நான் சின்யோராவுக்கு இன்னும் சொல்லவில்லை. போன கிழமையும், உங்கள் தகப்பனார் படிப்பித்தது பெரிய பள்ளிக்கூடமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.